தலையணை காய வேண்டும்

மகள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள், லிஃப்ட் முனகிக்கொண்டு இறங்குவதும் கேட்டாயிற்று, இருந்தும் நஞ்சப்பன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. விடுதலை எதையாவது மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்புகிறவள். சார்ஜர், கண்ணாடி, சாப்பாட்டு டப்பா. அவள் திரும்பி வரும் நேரம் பார்த்து அலமாரியைத் திறந்துகொண்டு நிற்கக் கூடாது, ஏனென்றால் அலமாரிக்குள், தேய்த்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகளுக்குப் பின்னால், அது இருக்கிறது. தலையணை. நம் ஊர்த் தலையணை அல்ல, வாத்தின் நெஞ்சு இறகை அடைத்தது, மருமகன் ஜெர்மனியிலிருந்து ஜோடியாக அனுப்பியது, ஒன்று அவளுக்கு, ஒன்று அப்பாவுக்கு. தலைக்கு வைத்தால் கிணற்றுக்குள் இறங்குவது போல இருக்கிறது என்று அவர் அதை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துத் தூங்கப் பழகியிருந்தார், எலும்போடு எலும்பு உரசாது. இன்று விடியும் முன் தொடையில் இதமாக ஒரு சூடு பரவியது. மழைக்காலத்தில் அடுப்போரம் படுத்துக் கிடப்பது போன்ற சுகம். அந்தச் சுகத்தில் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்து, அது ஆறி, குளிரத் தொடங்கிய பிறகுதான் என்ன நடந்தது என்று தெரிந்தது. மெத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, தலையணை எல்லாவற்றையும் குடித்துவிட்டது. லுங்கியைக் குளிக்கும்போதே அலசிப் போட்டுவிட்டார், லுங்கி காய்வது யாருக்கும் செய்தி அல்ல. தலையணை காய்வது செய்தி. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் தலைசுற்றி உட்கார்ந்ததை எவனோ படம் பிடித்து அவளுக்கு அனுப்பிவைத்தான். அன்றைக்கு அவள் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அப்பா, உடம்புக்கு ஒண்ணுன்னா எங்கிட்டச் சொல்லணும். மறைச்சீங்கன்னு தெரிஞ்சா அப்புறம் கூட்டம் கீட்டம்னு வாசப்படி தாண்ட விடமாட்டேன்." விடுதலை என்று பெயர் வைத்து வளர்த்த பெண். ஆபீஸில் அவளை விது என்கிறார்கள். சரி என்று தலையாட்டியிருந்தார், தலையாட்டியது தப்பு, மில் நிர்வாகத்திடம்கூட அவர் அப்படித் தலையாட்டியது கிடையாது. நாளைச் சாயங்காலம் கனகவல்லி மில் வாசலில் கூட்டம். வாசல் என்று இப்போது ஒன்றும் இல்லை, மில்லை இடித்து மனை போட்டு விற்றுவிட்டார்கள், ஒற்றைத் தூண்தான் நிற்கிறது. மறியலில் லாரிக்கு முன்னால் படுத்த மாரப்பன் செத்த இடம் அது. பக்கத்தில் படுத்திருந்த நஞ்சப்பன் சாகவில்லை, அதனால் வருஷா வருஷம் அங்கே கொடி ஏற்றுவது நஞ்சப்பன். கூட்டத்தை ஏற்பாடு செய்கிற இஸ்மாயில் இன்று சாயங்காலம் போன் பண்ணி உறுதி கேட்பான். அதற்குள் தலையணை காய வேண்டும்.

அலமாரியைத் திறந்தார். உறையைக் கழற்றியபோது உள்ளே வெள்ளைத் துணியில் மஞ்சளாக ஒரு வரைபடம், எந்த நாட்டினுடையது என்று தெரியாத ஒரு வரைபடம். ஓரத்தில் பட்டையாக ஒரு துணி தைத்திருந்தது, அதில் படங்கள், தொட்டி, தொட்டிக்குள் ஒரு எண், கட்டத்துக்குள் வட்டம், குறுக்கே அடித்த முக்கோணம். உபரி மதிப்பு என்றால் என்ன என்று மரத்தடியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தவர் அவர், நாலணாப் பிரசுரங்களை இருபது பேருக்கு வாசித்து விளக்கம் சொன்னவர், துவைப்பது எப்படி என்று சொல்ல ஒரு தலையணையின் வாயைத் திறக்க முடியவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டார். தலையணையை யாராவது நனைப்பார்களா, இலவம்பஞ்சை நனைத்தால் அதோடு தீர்ந்தது. தையலைப் பிரிக்க வேண்டியது, பஞ்சைப் பாயில் கொட்டி வெயிலில் போட்டுக் குச்சியால் நாலு அடி அடிக்க வேண்டியது, துணியை மட்டும் துவைத்து மறுபடி அடைக்க வேண்டியது. ஊரில் எல்லா வீட்டிலும் தை பிறக்கும் முன் நடக்கிற வேலை, மனைவி கோசலை உயிரோடு இருந்தவரை இந்தக் கைதான் குச்சி பிடித்தது. அதுவும் அவர் மில்லில் பஞ்சு பிரிக்கும் ப்ளோ ரூமில் வேலை பார்த்தவர், பேல் பேலாகப் பஞ்சைப் பிரித்துப் போட்டவர், நாரைத் தொட்டே நீளம் சொல்வார். சவர பிளேடை எடுத்துத் தையலை ஒரு சாண் நீளம் கிழித்தார். ஒன்றும் நடக்கவில்லை. விரலை விட்டு ஒரு பிடி எடுத்தார், பிடியில் எடை இல்லை, காற்றைப் பிடித்தது போல, என்னடா இது என்று விரலைத் திறந்தார், அது போய்விட்டது. மேலே போனது. தும்மினார். தும்மல் தலையணையின் வாய்க்குள் புகுந்து, அது ஒரு பெருமூச்சு விட்டதைப் போல இறகு வெள்ளை வெள்ளையாக எழும்பி மின்விசிறிக்கு ஏறியது, விசிறி அதை வாங்கி அறை முழுவதும் வீசியது. ஓடிப்போய் விசிறியை நிறுத்தினார், ஓடிய காற்றில் இன்னும் கொஞ்சம் எழுந்தது. அசையாமல் நின்றார். இது பஞ்சு இல்லை. பஞ்சுக்கு விழத் தெரியும். மில்லில் அது புருவத்தில் விழும், மூக்குக்குள் விழும், நெஞ்சுக்குள் விழும், ஷிஃப்ட் முடிந்து வரும்போது வாலிபப் பிள்ளைகள் கிழவர்களாக வருவார்கள், குளத்தில் முங்கி மறுபடி வாலிபம் ஆவார்கள், அதில் பாதிப் பேர் நெஞ்சு அடைத்தே போனார்கள். இது விழவே மாட்டேன் என்கிறது. கண்ணாடியில் பார்த்தார். புருவமெல்லாம் வெள்ளை. இந்தத் தடவை முங்கி எழுந்தாலும் போகாது. கிழிந்த வாயை இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்துக்கொண்டு, ஊசி எங்கே இருக்கும், விடுதலை ஊசி வைத்திருப்பாளா, என்று நின்றபோது அழைப்பு மணி அடித்தது.

வீட்டு வேலைக்கு வரும் பூவாத்தா. அவளிடமும் ஒரு சாவி இருக்கிறது, மணியை அடித்துவிட்டு அவளே திறந்துகொண்டு வந்துவிடுவாள். அறை வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தாள். "ஏனுங் தோழரே, கோழி உரிச்சீங்களா?" தோழரே என்பது கிண்டல். இந்தக் குடியிருப்பில் வேலை செய்கிற பெண்களையெல்லாம் சேர்த்து ஒரு சங்கம் வைக்கலாம் என்று அவர் ஒருமுறை சொல்லப்போய், சங்கத்துல மொதல்ல உங்க மகளெத்தான எதிர்த்துப் போராடோணும், நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்க என்று கேட்டு வாயை அடைத்தவள் அவள். "கோழி இல்ல, வாத்து," என்றார், ஏன் உண்மையைச் சொன்னோம் என்று உடனே பதறினார். "தலகாணியில இருமல் டானிக் கொட்டிப்போச்சு. பஞ்சைக் காயப்போடலாம்னு பிரிச்சேன்." அவள் குனிந்தாள், மோந்தாள். மோந்த முகம் மாறவில்லை, மாறாதது போதும், தெரிந்துவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விசிறியைப் பார்த்தார், ஒரு தூவல் இறக்கையில் ஒட்டிக்கொண்டு ஆடியது. "டானிக்குங்களா," என்றாள் பூவாத்தா. "எங்க மாமியாளும் கடைசி வருசம் பூராத்துக்கும் டானிக்காக் கொட்டிட்டுத்தான் இருந்துச்சு." "பூவாத்தா." "நான் என்னங் சொன்னேன். ஊசி வேணுமா வேண்டாமா?" ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தாள். தைக்க அவளை விடவில்லை, அவரே தைத்தார், சாக்குத் தைப்பது போல. அவள் துடைப்பத்தை எடுத்தாள், பெருக்கப் பெருக்க இறகு முன்னால் ஓடியது, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். இதை விடுதலைகிட்டச் சொல்லிராத என்று கேட்க வேண்டும். வாய் வரை வந்தது. அப்படிக் கேட்டுவிட்டால் இனி தினமும் இவள் கண்ணில் அது இருக்கும், கேட்காவிட்டால் நாக்கில் இருக்கும். எது மேல். கேட்கவில்லை. "சொல்லமாட்டனுங்," என்று அவளே சொல்லிவிட்டு, விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டே போனாள், அதில் வந்த அவமானத்துக்கு அவர் கேட்டே இருக்கலாம்.

அவள் போன பிறகு பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து, ஷாம்பூ கொஞ்சம் விட்டு, தலையணையை இறக்கினார். இறங்கவில்லை. மிதந்தது. அமுக்கினார், ஒரு பக்கம் போனது, மறுபக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பியது. வாத்து அல்லவா, செத்துச் சீமைக்குப் போய்த் துணிக்குள் தைக்கப்பட்டு, அங்கிருந்து விமானம் ஏறிக் கோயமுத்தூருக்கு வந்த பிறகும் மிதக்க மறக்கவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்து அமுக்கினார். குமிழிகள் வந்தன, ஒரு முனகல் வந்தது. கையை எடுத்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கத் தொட்டியில் அவர் பிடரியை இப்படித்தான் ஒரு கை அமுக்கியது, மாரப்பன் செத்த மறுநாள், யார் யார் படுத்தது பேர் சொல்லுடா என்று. சொல்லவில்லை. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பாசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பாசி அழகாக இருந்தது. மேடையில் அதைச் சொல்லும்போதெல்லாம் பாசியைச் சொல்வதில்லை. மேடையில் சொல்லாதது இன்னும் ஒன்று உண்டு, அன்றைக்கு வேட்டி நனைந்தது தொட்டித் தண்ணீரால் மட்டும் அல்ல, ஆனால் அன்று எல்லாமே ஈரம், யாருக்குத் தெரியும். நாளைக்குத் தெரியும். நாளை வெள்ளை வேட்டி. கொடிக்கயிற்றை இழுக்க இரண்டு கையும் மேலே போக வேண்டும், அடிவயிறு இழுக்கும், முன் வரிசையில் பஞ்சாலைப் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், எல்லாருக்கும் வயதாகிவிட்டது, ஆனால் கண் தெரியும். கயிறு பாதியில் சிக்கும், எப்போதும் சிக்கும், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கையில் தொடையில் இதமாக ஒரு சூடு. முழக்கம் நின்றுபோகும். இல்லை, நிற்காது, அதுதான் கொடுமை, பார்க்காதது போல இன்னும் சத்தமாக முழங்குவார்கள், இரக்கத்தோடு முழங்குவார்கள். நுரை தீரவில்லை. தண்ணீரை மாற்றினார், அமுக்கினார், மறுபடி நுரை, மறுபடி மாற்றினார். பிழியலாமா என்று முறுக்கப்போனபோது உள்ளே ஏதோ நறுக்கென்று ஒடிந்தது, இறகுக்கும் எலும்பு உண்டு போல. முறுக்காமல் மார்போடு அணைத்து அழுத்தினார். காற்றைவிட லேசாக இருந்தது எப்படி இப்படிக் கனக்கிறது. தூக்கினால் நடுவில் தொங்குகிறது, கையிலும் காலிலும் பிடித்துத் தூக்க வேண்டிய ஒரு கனம். சட்டையெல்லாம் தண்ணீர். அப்போதுதான் நாற்றம் வந்தது. அவருடைய நாற்றம் அல்ல, அது போய்விட்டது. குளக்கரை நாற்றம், நனைந்த இறகு, சேறு. வீடு முழுவதும் ஒரு பண்ணை நனைந்து நிற்பது போல நாறியது.

வாஷிங் மெஷினில் போட்டுச் சுற்றவிட்டால் தண்ணீர் இறங்கும் என்று தோன்றியது. போட்டார், பொத்தானை அமுக்கினார். மெஷின் முதலில் யோசித்தது, பிறகு உதைத்தது, பிறகு மொத்தமாக எழுந்து நடக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் கனம், மறுபக்கம் வெறுமை, சுவரில் இடி இடி என்று இடித்தது. இன்டர்காம் அலறியது. கீழ் வீட்டு அம்மாள். "அங்கிள், மேல என்ன உரல் இடிக்கறீங்களா?" பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு மெஷினின் மேல் கையை வைத்து நின்றார், அது அவர் கைக்குக் கீழே நடுங்கி அடங்கியது. அதே கனத்தில் இன்னொன்றைச் சேர்த்துப் போட்டால் சமமாகச் சுற்றும். அதே கனத்தில் இன்னொன்று விடுதலையின் கட்டிலில் இருக்கிறது. அவள் அறை வரை போனார். தலையணையில் அவள் தலை கிடந்த பள்ளம் இன்னும் மூடவில்லை, ஒரு மயிர் ஒட்டியிருந்தது, பாதி நரைத்த மயிர், இவளுக்கு எப்போது நரைத்தது. தொடாமல் திரும்பினார். பால்கனிக் கைப்பிடியில் போடலாம் என்றால் அசோசியேஷன் கூடாது என்கிறது, துணி தொங்கினால் கட்டடத்தின் மதிப்புக் குறையுமாம். இதற்கு ஒரு சங்கம், இதற்கு ஒரு தலைவர், இதற்கு ஒரு தீர்மானம். அவர் போட்டார். ஆனால் ஆனி மாதத்துக் காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து சாரலையும் கூட்டிக்கொண்டு வருகிற காற்று, வெயில் எட்டிப் பார்த்தது, போனது, எட்டிப் பார்த்தது. அது வரும்போது தலையணையைப் புரட்டினார், போகும்போது உள்ளே தூக்கி வந்தார். தொட்டுப் பார்த்தால் துணி காய்ந்திருந்தது, ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. அழுத்திப் பார்த்தார். உள்ளே கட்டி கட்டியாக, ஈரச் சோற்று உருண்டைகளைப் போல, மூலைக்கு ஒன்றாக ஒதுங்கிக் கிடந்தது. மற்ற இடத்தில் ஒன்றுமே இல்லை, துணியோடு துணி ஒட்டியது. கெட்டுப்போய்விட்டது. ஒரு கட்டியைத் துணிக்கு வெளியிலிருந்தே கிள்ளி, உருட்டி, பிய்த்தார். மெல்ல அது பிரிந்து கொடுத்தது, அடுத்ததையும் பிய்த்தார். காயும் வரை இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும் போல. காய்ந்த துணிக்குள் காயாத இறகு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர்கூட அப்படித்தான், சட்டையில் கஞ்சி, மீசையில் மை, குரல் இன்னும் மைக் இல்லாமல் நாலு தெருவுக்குக் கேட்கும், உள்ளே எந்த மூலையில் எது ஒதுங்கியிருக்கிறதோ. டாக்டர் ஏதாவது பெயர் சொல்வான். பெயர் சொல்லிவிட்டால் அது வந்து வீட்டில் உட்கார்ந்துகொள்ளும். அவருக்குப் பின்னால் மேடை ஏறினவர்கள் எல்லாம் கார் வைத்திருக்கிறார்கள், மாரப்பனின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை, நாளைக்கு அவர் போகவில்லை என்றால் அவர்களில் ஒருவன் கயிற்றை இழுப்பான், மாரியப்பன் என்று பெயரைத் தப்பாகச் சொல்வான். போனால் வேட்டி நனையலாம். போகாவிட்டால் மாரியப்பன். கிள்ளினார், உருட்டினார், பிய்த்தார். இஸ்மாயிலிடம் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். காய்ச்சல் கௌரவமான நோய். விடுதலையிடம் டானிக். ஆளுக்கு ஒன்று. இரண்டையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார், கூட்டத்துக்கு முன் பேச்சைச் சொல்லிப் பார்ப்பது போல, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இரும வேண்டும். ஐம்பது வருஷமாக மேடையில் ஒரு பொய் சொன்னதில்லை என்று பெருமை பேசிய வாய் இரண்டு பொய்க்கு ஒத்திகை பார்த்தது.

சாரல் வலுத்துவிட்டது. விடுதலையின் தலைமுடி காயவைக்கும் மெஷினை எடுத்து வந்து, கூடத்து சோபாவில் உட்கார்ந்து, தலையணையை மடியில் போட்டுக்கொண்டு சூட்டைக் காட்டினார். அதன் சத்தத்தில் லிஃப்ட் சத்தம் கேட்கவில்லை. சாவி திரும்பியதும் கேட்கவில்லை. காற்று மாறியதில்தான் நிமிர்ந்தார். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை, தோளில் பை. மூக்கு சுருங்கியது. "என்னப்பா நாத்தம் இது? என்ன பண்றீங்க?" டானிக் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தார், போன் அடித்தது. இஸ்மாயில். காய்ச்சல் டானிக்குக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றது. மெஷினை அணைத்துவிட்டுப் போனை எடுத்தார், அந்த அமைதியில் இஸ்மாயிலின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது. "தோழர், நாளைக்கு நீங்க வந்துருவீங்கல்ல? நோட்டீஸ்ல உங்க பேர்தான் போட்டிருக்கு. உடம்பு சுகம்தான?" மகள் அவரைப் பார்க்கவில்லை, அவர் மடியைப் பார்த்தாள், சாக்குத் தையலைப் பார்த்தாள், அவர் சட்டையில் ஒட்டியிருந்த தூவல்களைப் பார்த்தாள். சுகம்தான் என்று சொன்னால் பொய், காய்ச்சல் என்று சொன்னாலும் பொய்.

"இஸ்மாயில்," என்றார். குரல் மேடைக் குரலாக வந்துவிட்டது, அடக்கத் தெரியவில்லை. "மேடைக்குப் பக்கத்துல ஒண்ணுக்குப் போறதுக்கு எடம் இருக்குதா?"

அந்தப் பக்கம் ஒரு இருமல். "எதுத்தாப்புல பேக்கரிக்காரன் வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன் தோழர். எனக்கே வேணுமில்ல? கொடி ஏத்தறதுக்கு முன்னாடி ஒருக்கா, பேச்சுக்கு முன்னாடி ஒருக்கா, ரெண்டு பேருமாப் போயிட்டு வந்துரலாம்." "சரி," என்றார் நஞ்சப்பன். "வர்றேன்." போனை வைத்தார். நிமிர்ந்து பார்க்கும் தைரியம் இல்லை, தலையணையின் ஒரு மூலையில் கட்டி இருக்கிறதா என்று தேடினார், இருந்தது, பிய்த்தார். மற்ற செருப்பும் கழன்று விழும் சத்தம் கேட்டது. பை சோபாவில் விழுந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அவர் மடியிலிருந்த தலையணையின் மறுமூலையை எட்டிப் பிடித்து விரலால் தடவினாள்.

"எப்பருந்துப்பா?"

"இன்னைக்குத்தான்." பிறகு, "இது ரெண்டாவது தடவை," என்றார், "மொதத் தடவை அந்தப் போலீஸ் ஸ்டேஷன்ல."

"திங்கக்கெழம டாக்டரு."

"ம்."

"நாளைக்கு பஸ்ஸுலயா போறீங்க?"

"பஸ்ஸுலதான்." விடமாட்டேன் என்பாள், இதோ சொல்லப்போகிறாள். அவள் ஒரு கட்டியை உருட்டிக்கொண்டே இருந்தாள். உடைத்தாள்.

"அப்ப நாளைக்குக் காலையிலருந்தே டீ குடிக்கக் கூடாது."

நஞ்சப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு டீ," என்றார்.

"அப்பா."

"காலையில ஒண்ணு. மத்தியானம் ஒண்ணு."

"அரை டீ. காலையில மட்டும்."

அவர் தலையணையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். "முழு டீ," என்றார், "காலையில மட்டும். அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."